நடுக்கோடு போட்ட மாத்திரை

கொரோனா ஓய்ந்து கல்லூரிகள் பழையபடி நடக்க ஆரம்பித்த இரண்டாவது வருடம், ஜூன் மாதத் தொடக்கத்தில், மரக்காணத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு மீனவர் குப்பத்தில் நடந்தது இது.

நான் திண்டிவனத்தை அடுத்த ஒரு பார்மசி கல்லூரியில் உதவிப் பேராசிரியை. வீடு விழுப்புரத்தில். தினமும் காலையில் ரயிலைப் பிடித்து, இறங்கி, ஷேர் ஆட்டோவில் தொற்றிக்கொண்டு கல்லூரிக்குப் போகிற ஆள். வேலை பார்த்துக்கொண்டே பி.எச்.டி.யும் செய்துகொண்டிருந்தேன். என் தீசிஸில் பாதியை அந்த ரயிலில்தான் எழுதினேன். பேரணி ஸ்டேஷன் வருவதற்குள் ஒரு பக்கம், மயிலம் தாண்டுவதற்குள் இன்னொரு பக்கம்.

என் ஆராய்ச்சி, மாத்திரை செய்வதைப் பற்றி. இதைச் சொன்னால் எல்லோரும் புது மருந்து கண்டுபிடித்திருக்கிறேனா என்று கேட்பார்கள். அதெல்லாம் இல்லை. மருந்து பழையதுதான். அதை எந்த மாவோடு எவ்வளவு கலக்க வேண்டும், எவ்வளவு அழுத்த வேண்டும், மேலே என்ன பூச்சு பூச வேண்டும் என்று பார்ப்பதுதான் எங்கள் பிழைப்பு. என் மாமியார் இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அப்படியானால் நீயும் வடை தட்டுகிற வேலைதான் செய்கிறாய் என்றார். அதைவிடத் தெளிவாக என் பி.எச்.டி. கைடுகூடச் சொன்னதில்லை.

நான் செய்தது இரத்த அழுத்தத்துக்கான மாத்திரை. காலையில் ஒன்று விழுங்கினால் மறுநாள் காலை வரை மருந்து கொஞ்சம் கொஞ்சமாக உடம்பில் இறங்க வேண்டும். அந்த வேலையைச் செய்வது மேலே இருக்கிற மெல்லிய பூச்சு. முதல் இரண்டு வருடம் அந்தப் பூச்சு என்னைப் படுத்தாத பாடு இல்லை. மழைக்காலம் வந்தால் உரியும், வெயில் வந்தால் வெடிக்கும். பிறகு ஒரு வழியாகப் பிடிபட்டது. ஆறு வருடம் முடியும்போது, நான் செய்த மாத்திரை கடிகாரம் மாதிரி மருந்தை விட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. மருந்து சேர்க்காமல் செய்த மாதிரி மாத்திரைகளை ஒரு சின்ன பாட்டிலில் போட்டு எப்போதும் கைப்பையில் வைத்திருப்பேன். வகுப்பில் காட்டுவதற்கு என்று சொல்லிக்கொள்வேன். உண்மையில் யாராவது கேட்க மாட்டார்களா என்ற ஆசைதான்.

அந்த ஜூன் மாதக் கடைசிக்குள் தீசிஸைக் கொடுத்தாக வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை கால நீட்டிப்பு வாங்கியாயிற்று. அடுத்த கல்வியாண்டுக்குள் பட்டம் இல்லாதவர்களை வைத்துக்கொள்வது கஷ்டம் என்று கல்லூரியிலும் சொல்லிவிட்டார்கள். இந்த நேரத்தில்தான் மாணவர்களின் சேவை முகாமுக்கு என்னைப் பொறுப்பாகப் போட்டார்கள். இருபது மாணவிகள் வீடு வீடாகப் போய், அங்கே என்னென்ன மருந்து சாப்பிடுகிறார்கள் என்று பார்த்து, எப்படிச் சாப்பிட வேண்டும் என்று விளக்க வேண்டும். நான் முணுமுணுத்துக்கொண்டேதான் போனேன். தீசிஸ் பிரிண்ட்டைக் கையோடு எடுத்துப் போய், மீன் ஏலக் கூடத்தின் நிழலில் உட்கார்ந்து எழுத்துப்பிழை பார்த்துக்கொண்டிருந்தேன். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் கூடம் காலியாகத்தான் இருந்தது.

பத்து மணி இருக்கும். ஒரு மாணவி ஓடிவந்து, ஒரு வீட்டில் மாத்திரைகள் எல்லாம் பாதி பாதியாக இருக்கின்றன, என்ன சொல்வதென்றே தெரியவில்லை என்று கூப்பிட்டாள். போனேன். அந்த வீட்டுப் பெண்மணிக்கு என் வயதுதான் இருக்கும், நாற்பது நாற்பத்திரண்டு. வாசலில் பாயை விரித்து நெத்திலி காயவைத்துக்கொண்டிருந்தார். இரண்டு பிளாஸ்டிக் டப்பாக்களைக் கொண்டுவந்து காட்டினார். இரண்டிலும் பாதி மாத்திரைகள். ஒன்று அவருடையது, இன்னொன்று அவர் கணவருடையது.

"எனுக்கும் பிரஷரு, அவருக்கும் பிரஷரு. ஆஸ்பத்திரிக்கு நான்தான் போய்க்கினு வர்றேன், அவரு வர மாட்டாரு. அதான் ஆளுக்குப் பாதி" என்றார்.

கணவர் சற்றுத் தள்ளி வலை பின்னிக்கொண்டிருந்தார். நாங்கள் பேசுவது தனக்குச் சம்பந்தமில்லை என்பதுபோலத் தலையைத் தூக்கவே இல்லை. அவருக்குப் பிரஷர் என்று யார் பார்த்துச் சொன்னது என்று கேட்டேன். யாரும் பார்க்கவில்லையாம். தனக்கு வருகிற மாதிரியே அவருக்கும் தலை சுற்றுகிறதாம், அதனால் அதே வியாதிதான் என்று அந்த அம்மாவே முடிவு செய்துவிட்டார். சரி, மாத்திரையை உடைக்கலாம் என்று யார் சொன்னது என்று கேட்டேன். அதற்கு அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். மாத்திரையின் நடுவில் கோடு போட்டிருக்கிறதே, அது உடைப்பதற்குத்தானே என்றார்.

எனக்குப் பேச ஒரு மேடை கிடைத்துவிட்டது. மாணவிகளும் சுற்றி நின்றார்கள். கால் மணி நேரம் பேசினேன். நீங்கள் உடைத்தது சாதாரண மாத்திரை, அதை உடைப்பதால் கெடுதல் இல்லை, ஆனால் உங்களுக்கும் அளவு போதவில்லை, அவருக்கோ பரிசோதனையே இல்லாமல் கொடுக்கிறீர்கள் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். சில மாத்திரைகளை உடைக்கவே கூடாது, மேலே பூச்சு இருக்கும், உடைத்தால் ஒரு நாள் முழுக்க வர வேண்டிய மருந்து ஒரேயடியாகக் கொட்டிவிடும், பிரஷர் திடுதிப்பென்று இறங்கி மயக்கம் வரும், படகில் நிற்கும்போது வந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். கேட்டுவிட்டு, என் பெருமைக்குரிய பாட்டிலைத் திறந்து, இதோ இந்த மாதிரி மாத்திரைதான் என்று ஒன்றை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

அவர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு இரண்டு கட்டைவிரல் நகங்களையும் வைத்து ஒரு அழுத்து அழுத்தினார். மாத்திரை சரிபாதியாக உடைந்தது.

"இதுலயும் கோடு கீதே, டீச்சரம்மா. ஒடைக்கக் கூடாதுன்னா எதுக்குக் கோடு போட்டீங்க?"

கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஒரு மாணவி களுக்கென்று சிரித்தாள். நானும் சிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவர் கையிலிருந்த இரண்டு பாதிகளையும் வாங்கிக்கொண்டேன்.

அந்தக் கோடு எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். மாத்திரை அடிக்கிற எந்திரத்தில், தூளை மேலும் கீழும் அழுத்துவதற்கு எஃகில் அச்சு இருக்கும். பஞ்ச் என்போம். எனக்கு வேண்டிய அளவில் எங்கள் கல்லூரியில் இருந்தது ஒரே ஒரு பஞ்ச். அதில் நடுக்கோடு இருந்தது. இருக்கிறதை வைத்துச் செய்வோம், ஆய்வகத்துக்குத்தானே என்று ஆரம்பித்தேன். ஆறு வருடம் அந்த மாத்திரையின் எடையைப் பார்த்தேன், தடிமனைப் பார்த்தேன், எவ்வளவு அழுத்தினால் நொறுங்கும் என்று பார்த்தேன். கோட்டைப் பார்க்கவில்லை. இத்தனைக்கும் உடைக்கக் கூடாத மாத்திரைகள் எவை என்பது மூன்றாம் வருடப் பாடம். அந்தக் கேள்வியைப் போன பருவத் தேர்வில் கேட்டதே நான்தான். பதில் தப்பாக எழுதிய பிள்ளைகளுக்கு மார்க் குறைத்ததும் நான்தான்.

அன்று நடந்த ஒரு நல்ல காரியம், அந்தக் கணவரைப் பிடித்து இழுத்துவந்து முகாமில் பிரஷர் பார்த்தது. நல்ல அதிகம். "கடலுக்குப் போவசொல்ல தலை சுத்தும், அலைன்னு நெனைச்சுக்கினு இருந்தேன்" என்றார். தடைக்காலம் முடிவதற்குள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மனைவியோடு போவதாக ஒப்புக்கொண்டார். அந்த அம்மா முகத்தில் அப்படி ஒரு வெற்றிச் சிரிப்பு. எத்தனை நாளாக அவரைக் கிளப்பப் பார்த்தாரோ.

திரும்பி வரும்போது வேனில் பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள். நான் அந்த இரண்டு பாதிகளையும் காகிதத்தில் மடித்து வைத்து, பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். உள்ளே வெள்ளை வெளேரென்று திறந்து கிடந்தது. விளிம்பில் மட்டும் என் ஆறு வருடப் பூச்சு.

வீட்டில் சொன்னேன். என் கணவர் நிதானமாகக் கேட்டார். முழு மாத்திரையைத்தான் சோதிக்க வேண்டும் என்று விதி, உடைத்துப் பார்க்கச் சொல்லி எங்கேயாவது எழுதியிருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் கொடுத்துவிட்டு வா, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அவரைத் தப்பு சொல்ல மாட்டேன். ஆறு வருடமாகக் காலை டிபன் அவர்தான் செய்தார், மகளைப் பள்ளியில் விட்டதும் அவர்தான். அவர் குரலில் இருந்தது அலுப்பு. அதைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாக, கடைசி இருபது நாளில் போய் இதைக் கிளற வேண்டுமா?

மறைக்காமல் சொல்கிறேன், இரண்டு நாள் அப்படியே கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். எனக்கு நானே நன்றாகச் சமாதானமும் சொல்லிக்கொண்டேன். தீசிஸில் இருக்கிற மாத்திரையை யார் கடைக்குக் கொண்டுபோகப் போகிறார்கள்? அது நூலகத்தில் தூசி படிந்து கிடக்கும். யாரும் விழுங்கப் போவதில்லை.

மூன்றாம் நாள் காலை ரயிலில், மறுபடி எழுத்துப்பிழை பார்த்துக்கொண்டிருந்தபோது என் கையாலேயே எழுதிய வரி கண்ணில் பட்டது. தோற்றம்: வட்டம், வெள்ளை, ஒரு பக்கம் நடுக்கோடு. பிழையே இல்லாத வரி. யாரும் விழுங்கப் போவதில்லை என்ற தைரியத்தில்தான் இத்தனை வருடம் நான் மாத்திரை செய்தேனா என்று அப்போது தோன்றியது. அப்படித் தோன்றிய பிறகு மேற்கொண்டு ஒரு வரியும் ஓடவில்லை. தாள்களை மூடிப் பைக்குள் வைத்துவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை தனியாக ஆய்வகத்துக்குப் போனேன். மாத்திரை எவ்வளவு நேரத்தில் மருந்தை விடுகிறது என்று பார்க்க ஒரு கருவி உண்டு. ஆறு கண்ணாடி ஜாடிகள், உடம்புச் சூட்டில் திரவம், உள்ளே மெதுவாகச் சுற்றுகிற துடுப்புகள். மருந்து சேர்த்த ஆறு மாத்திரைகளை எடுத்து, அந்த அம்மா செய்த மாதிரியே நகத்தால் உடைத்து, ஜாடிக்கு ஒன்று வீதம் போட்டேன். முழு மாத்திரை என்றால் சாயங்காலம் வரை அசையாமல் உட்கார்ந்திருக்கும். இதுவோ, நான் வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் முக்கால்வாசி கரைந்துவிட்டது. அளந்து பார்த்தேன். இரண்டு தடவை அளந்தேன். படகில் நிற்கிற ஒரு ஆள் கண்முன் வந்து நின்றார்.

திங்கட்கிழமை என் கைடிடம் போனேன். அவர் என்னைவிட மூன்று வயது சின்னவர். அவர் என்னை மேடம் என்பார், நான் அவரை சார் என்பேன். உடைத்த மாத்திரை மருந்தை விட்ட வேகத்தை வரைபடமாகப் போட்டுக் காட்டினேன்.

"மேடம், இதை எழுதினீங்கன்னா எக்ஸாமினர் இதைத்தான் பிடிப்பாரு. எழுதலைன்னா யாரும் கேக்கப் போறதில்ல" என்றார்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம் மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "என் தீசிஸ்லயும் இதே பஞ்ச்தான். அதுவும் பூச்சு மாத்திரைதான்."

பிறகு அவரே, பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன், கோடு இல்லாத பஞ்ச் எங்காவது கிடைக்கிறதா பார்ப்போம் என்றார். அவர் அன்று மறுத்திருந்தால் நான் தீசிஸை அப்படியே கொடுத்திருப்பேனோ என்னவோ. என் தைரியத்தின் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை.

மூன்றாவது நீட்டிப்பு. அலுவலகத்தில், உடம்பு சரியில்லை என்று எழுதுங்கள், ஜல்தியாகக் கிடைக்கும் என்று யோசனை சொன்னார்கள். நான் நடந்ததை நடந்தபடி எழுதினேன். மாத்திரையின் வடிவத்தில் தவறு செய்திருக்கிறேன், உடைத்தால் ஆபத்து, திருத்துவதற்கு ஆறு மாதம் வேண்டும். எழுதி அனுப்பிவிட்ட பிறகுதான் யோசித்தேன். நீட்டிப்பு கொடுக்கவில்லை என்றால் பி.எச்.டி. பதிவே ரத்தாகிவிடும். ஆறு வருடமும் போச்சு, வேலையும் சந்தேகம். வீட்டில் என் கணவர் ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. மறுநாள் காலை டிபன் டப்பாவை மூடிக் கையில் கொடுத்தபடி, எத்தனை மாசம் என்று மட்டும் கேட்டார். ஆறு என்றேன். சரி என்றார்.

ஐந்து வாரம் பதில் இல்லை. அதற்காகச் சும்மா இருக்க முடியவில்லை. என்னிடம் படித்த பெண் ஒருத்தி புதுச்சேரிப் பக்கம் ஒரு சின்ன மருந்துக் கம்பெனியில் இருந்தாள். அவளிடம் கேட்டேன். மேலதிகாரியிடம் கெஞ்சி, பழைய பஞ்ச் ஒன்றைப் பத்து நாள் இரவலாக வாங்கிவிட்டாள். எண்ணெய்த் துணியில் சுற்றி, லஞ்ச் பையில் போட்டு, பஸ்ஸில் திண்டிவனத்துக்கே எடுத்துவந்தாள். மேம்பாலத்தின் கீழே நின்று அதை வாங்கிப் பிரித்துப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி வழுவழுவென்று, நல்ல குழிவாக, ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது. இதில் அடித்த மாத்திரையில் நகம் வைத்தால் வழுக்கிவிடும். "இதைக் கீழ மட்டும் போட்டுடாதீங்க மேடம், என் வேலை போயிடும்" என்றாள். ஷேர் ஆட்டோவில் கல்லூரி வரை அதைக் கைக்குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

கடிதம் வந்தது. ஆறு மாதம், இதுவே கடைசி என்று எழுதியிருந்தது. படித்துவிட்டு ஆய்வகத்தின் ஸ்டூலிலேயே உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில்தான்.

மறுபடி அடித்தேன், பூசினேன், சூட்டிலும் ஈரத்திலும் மாதக்கணக்கில் வைத்துப் பார்த்தேன். இந்தத் தடவை இன்னொன்றும் செய்தேன். மருந்து இல்லாத மாதிரி மாத்திரைகளை மாணவிகளிடம் கொடுத்து, யாரும் வாயில் போடக் கூடாது என்று கறாராகச் சொல்லி, வீட்டில் உள்ளவர்களை உடைத்துப் பார்க்கச் சொன்னேன். நகத்தால் யாராலும் முடியவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, அரிவாள்மனையில் வைத்து நறுக்கியவர்கள் இருக்கிறார்கள், கதவிடுக்கில் வைத்து உடைத்தவர்கள் இருக்கிறார்கள். ஒருத்தியின் அம்மா ஆட்டுக்கல் குழவியையே தூக்கியிருக்கிறார். உடைக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால் நம் மக்களை எந்த விஞ்ஞானமும் தடுக்க முடியாது. ஏன் உடைக்கத் தோன்றுகிறது என்று கேட்டபோது, பெரிதாக இருக்கிறது, தொண்டையில் நிற்கும் என்றார்கள் பலர். அந்தப் பெண்ணிடமே இன்னும் சின்ன பஞ்ச் ஒன்றை இரவல் வாங்கி, மாத்திரையைச் சின்னதாக்கினேன். உறையின் மேல் தமிழில் என்ன எழுத வேண்டும் என்பதையும் தீசிஸில் சேர்த்தேன். பழைய மாத்திரை தோற்ற கதைக்குத் தனி அத்தியாயம் போட்டேன்.

மறு வருடம் வாய்மொழித் தேர்வு, வைவா. வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் வயதானவர், கறார் பேர்வழி. கைடு சொன்ன மாதிரியே நேராக அந்த அத்தியாயத்தைத்தான் புரட்டினார். எந்த விதியிலும் இல்லாத சோதனையை ஏன் செய்தீர்கள், யார் சொன்னது என்று கேட்டார். மரக்காணம் பக்கத்தில் மீன் காயவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி என்றேன். ஹாலில் சிரிப்பு. அவர் சிரிக்கவில்லை. அந்த அம்மா உடைக்காமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டார்.

"போன வருஷமே தப்பான மாத்திரைக்கு டாக்டர் பட்டம் வாங்கியிருப்பேன் சார்" என்றேன். அப்படிச் சொல்ல வேண்டும் என்று திட்டமிடவில்லை, வாயில் வந்துவிட்டது. பின் வரிசையில் இருந்த என் கணவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

எக்ஸாமினர் தீசிஸை மூடி வைத்தார். பிறகு குனிந்து ஒப்புதல் அறிக்கையில் கையெழுத்துப் போட்டார்.

இப்போது என்னிடம் இரண்டு பெண்கள் ஆராய்ச்சி செய்கிறார்கள். எந்திரத்தைத் தொடுவதற்கு முன்னால், ஒரு மாதம் வீடு வீடாகப் போய், மாத்திரையை ஜனங்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்து எழுதிக்கொண்டு வரச் சொல்லிவிடுகிறேன். வாழைப்பழத்தில் வைத்து விழுங்குகிறார்கள், சூடான காப்பியில் போட்டுக் கலக்குகிறார்கள், பக்கத்து வீட்டுக்காரருக்கு இரவல் கொடுக்கிறார்கள் என்று நோட்டு நிறைய எழுதிக்கொண்டு வருகிறார்கள். படிக்கப் படிக்கச் சிரிப்பும் வருகிறது, பயமும் வருகிறது. பெயருக்கு முன்னால் முனைவர் என்று போட்டுக் கையெழுத்திடும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. நான் செய்கிற மாத்திரையை யாரோ ஒருவர் என்னை நம்பி விழுங்கப் போகிறார் என்ற ஞாபகம் வருகிறதே, அந்தக் கூச்சம் கடைசி வரை என்னை விட்டுப் போகாமல் இருக்க வேண்டும்.